கதவோட உள்பக்கம் மட்டும் என்னுது

டொக்... டொக்... டொக்...

ஒண்ணுமில்ல சார், மேல எங்க வீட்டம்மா. கைத்தடியால தரையைத் தட்டுறா. தட்டட்டும், நீங்க வாங்க. விலைக்கு வீடு பாக்க வந்தவரை வாசல்லயே நிக்கவெச்சுப் பேசுறேன் பாருங்க... இந்தத் தொடப்பத்தை மட்டும் ஓரமா சாய்ச்சுடுறேன். சருகு சார், சருகு! மரம் இந்த வரிசை வீடுகளோட அசோசியேஷனுக்குச் சொந்தம். ஒரு கிளையைத் தொட்டா நோட்டீஸ் வரும். சருகு மட்டும் என் தலையில!

என்ன அப்படிப் பாக்குறீங்க? தனி வீடுன்னு புரோக்கர் சொன்னாரா? சொல்லுவாரு சார், எனக்கும் அவரேதான் சொன்னாரு. நானும் இதே எடத்துல நின்னு, உங்களை மாதிரியே வாயைப் பொளந்துக்கிட்டுப் பாத்தேன். சொந்தமா ஒரு கேட்டு, சொந்தமா மாடிப்படி, தலைக்கு மேல வேற குடும்பம் கெடையாது... ஆகா, தனி வீடுன்னா இதுதான்! எங்க வீட்டம்மா அப்பவே கேட்டா, "மண்ணு யாரு பேர்ல இருக்குன்னு விசாரிங்க"ன்னு. "அதெல்லாம் அடுக்குமாடிக்குத்தான் கேக்கணும், உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு"ன்னேன்.

வீட்டோட உருவம் வேற, உரிமை வேற சார். இது பாக்கத்தான் தனி வீடு. பத்திரப்படி, அடுக்குமாடியைப் படுக்கப் போட்ட மாதிரி! செவுத்துக்கு உள்ள என்னுது. வெளிச்செவுரு, கூரை, வாசப்படி, மண்ணு எல்லாம் எல்லாருக்கும் பொது. எல்லாருக்கும்னா... அசோசியேஷன் தலைவருக்கு.

என் மச்சினன் வீடு தீப்பெட்டி மாதிரி இருக்கும். நா எவ்வளவு சிரிச்சிருக்கேன்! ஆனா மண்ணு மொத்தமும் அவன் பேர்ல. இப்ப வாசல்ல கெணறு தோண்டுறான் சார், ஏன்னு கேக்க ஒரு நாதி இல்ல!

டொக்... டொக்...

இருடி, வரேன்! இந்தக் கதவைப் பாருங்க சார். உள்ள நீலம், வெளிய காப்பிப்பொடிக் கலரு. நா ரெண்டு பக்கமும் நீலம்தான் அடிச்சேன். தலைவர் வந்து தடவிப் பாத்துட்டு, "உள்பக்கம் உங்களுது, வெளிப்பக்கம் பொது"ன்னாரு. தொறந்து வெச்சா எது உள்பக்கம், எது வெளிப்பக்கம்னு கேட்டேன். கூட்டத்துல வெச்சுப் பேசுறேன்னுட்டுப் போனவருதான்...

சிரிக்காதீங்க சார். நீங்க நிக்கிற இந்த வாசப்படி இருக்கே... அவளுக்கு முழங்கால் போச்சு. புடிச்சு எறங்க ஒரு கம்பி, ஒரே ஒரு கம்பி வைக்கணும்னு கேட்டேன். படி பொதுவாம், கம்பி வெச்சா வரிசையோட அழகு கெட்டுப்போகுமாம். வெளிய போக முடியாதுன்னா கீழ எறங்கி என்னன்னு மழைக்காலத்துல மேல ஏறினவ, இன்னும் தெருவுல கால் வைக்கலை. அதுக்குத்தானே விக்கிறேன்! படியே இல்லாம கீழ்த்தளத்துல ஒரு வீடு பாத்தும் வெச்சாச்சு. எந்த ஜன்னல்கிட்ட நாற்காலி போடணும்னுகூட சொல்லிட்டா. இது கைமாறினாத்தான் அது.

முந்தி வந்தவங்களா? வந்தாங்களே! ஒரு டீச்சரம்மா. அப்புறம் புதுசா கல்யாணமான சின்னஞ்சிறுசுங்க. தங்கமானவங்க. ஏனோ சொல்லாமக் கொள்ளாம போயிட்டாங்க. நா பொறுமையா உக்காரவெச்சு எல்லாத்தையும் எடுத்துத்தான் சொன்னேன். அதுலேருந்துதான் இவ, "நீங்க வாயைத் தொறந்தா நா தட்டுவேன், டக்குனு நிறுத்திடணும்"னு...

டொக்! டொக்! டொக்!

அட, நிறுத்திட்டேண்டி! இனி ஒரு வார்த்தை... வாங்க சார், சமையல்கட்டைக் காட்டுறேன். அது சத்தியமா என்னுதுதான். கூரை மட்டும் கொஞ்சம் ஒழுகும். அது பொது, அவங்களும் சரிபண்ண மாட்டாங்க, நம்மளையும் தொட விட... சார்? சார்! எங்க போறீங்க? வண்டியை அங்க நிறுத்தியிருக்கீங்களா? அது பொது எடம் சார், நோட்டீஸ்...

...

இல்லடி, யோசிச்சுச் சொல்றேன்னாரு. நா ஒண்ணும் பேசலை. கதவைத்தான் காட்டிக்கிட்டிருந்தேன்.

என்ன, சத்தத்தையே காணோம்? தட்டேன்... ஒரு தட்டு தட்டேன்.

சரி. இங்க இன்னும் கொஞ்சம் சருகு கெடக்கு. தள்ளிட்டு வரேன்.