தொண்ணூறு நிமிடத்துக்கு மேல் போன ஆட்டம்

விஹிகா மாவட்டம், கெகோயே சந்தைக்குப் பின்புறம் வசிக்கும் திரிபேனா மினாயோ, வயது நாற்பத்தாறு, மேல்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியை, பந்தயக் கடைக் காசாளர் இமாலி மீதான வழக்கில் சாட்சியாகக் கொடுக்கும் வாக்குமூலம். நான் சொல்லச் சொல்லத் தாமே எழுதிக்கொள்வதாக இந்தக் காவல் நிலையத்துக் கார்ப்பரல் சொன்னார். நான் தாளைக் கேட்டு வாங்கி என் கையாலேயே எழுதுகிறேன்.

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது ரேடியோவை அணைத்ததுதான். இன்று மாலை நடக்கும் கால்பந்து இறுதி ஆட்டத்துக்கான பந்தய விகிதத்தை ஒருவர் பாட்டுப் பாடுவதுபோல் அறிவித்துக்கொண்டிருந்தார். போன முறை கோப்பை வாங்கிய அணியே இந்த முறையும் இறுதிக்கு வந்திருக்கிறது. எங்கள் சந்தையில் அதை யாரும் நாட்டின் பெயரால் சொல்வதில்லை. சாம்பியன் என்றுதான் சொல்வார்கள்.

போட்டியின் முதல் ஆட்டத்தில் சாம்பியன் வெல்லும் என்று நூறு ஷில்லிங் கட்டியவருக்கு நூற்றெண்பது கிடைத்தது. அதன் பின் சாம்பியன் ஒவ்வொரு ஆட்டமாக வெல்ல வெல்ல அந்தத் தொகை இறங்கிக்கொண்டே வந்து, அரையிறுதிக்கு நூற்றுப்பதினைந்தில் நின்றது. வரவு குறைந்தால் ஆசையும் குறையும் என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் ஆட்கள் வேறு விதமாக யோசித்தார்கள். விகிதம் இவ்வளவு இறங்கிவிட்டது என்றால் சாம்பியன் தோற்காது என்று கம்பெனிக்காரனே ஒத்துக்கொண்டான், ஆகவே பயமில்லை, நூறு கட்டிப் பதினைந்து வாங்குவதைவிடப் பெரிதாகக் கட்டிப் பெரிதாக எடுக்கலாம் என்றார்கள். கோழிக்காரர் கோழிகளை விற்றார். என் தம்பி அமுகுனே கிடாரியை விற்றான்.

அமுகுனே என் உடன்பிறந்தவன், தொடக்கப் பள்ளி ஆசிரியர். கல்யாணத்துக்குப் பெண் வீட்டாருக்குத் தருவதாகப் பேசிய மாடுகளில் கடைசி ஒன்றை அவன் கொடுக்காததால் மாமனார் வந்து மகளைத் திரும்ப அழைத்துப்போய்விட்டார். அந்த ஒன்றுக்காக வாங்கிக் கட்டியிருந்ததுதான் அந்தக் கிடாரி. விற்றதைக் கேள்விப்பட்டு, பணத்தைக் கட்டுவதற்குள் அவனை இழுத்துவர அரையிறுதி அன்று மதியம் நான் கடைக்குப் போனேன். போய்ச் சேர்ந்தபோது பணம் காசாளரின் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது. ஆனால் சீட்டு இன்னும் அடிக்கப்படவில்லை. நான் அவன் தோளுக்குப் பக்கத்தில் நின்றேன். அங்கே பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

இமாலி சொன்னது: "சார், இது தொண்ணூறு நிமிஷத்துக்குள்ள ஜெயிச்சாத்தான். அதுக்கு மேல ஆட்டம் இழுத்துச்சுன்னா இந்தச் சீட்டு செல்லாது. எப்படி ஜெயிச்சாலும் சரின்னு இன்னொண்ணு இருக்கு, அதுல போடட்டா? நூறுக்கு நூத்தியேழு வரும்."

அமுகுனே சொன்னது: "ஏழு ஷில்லிங்குக்கு அவிச்ச முட்டை பாதிகூட வராதும்மா. சாம்பியனுக்குத் தொண்ணூறு நிமிஷம் எதுக்கு, பாதியிலயே முடிச்சிட்டு டீ குடிக்கப் போயிடுவானுங்க. என் பொண்டாட்டி திரும்பி வரக் கூடாதுன்னு நீ ஜெபம் பண்றியா?"

வரிசையில் நின்ற ஒருவர், "பேசாம இவளையே கட்டிக்க சார். மாடு கேக்கறதுக்கு இவளுக்கு அப்பன் இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இமாலி மறுபடியும் ஒரு தடவை, "அப்ப தொண்ணூறு நிமிஷம்தானே சார்?" என்று கேட்டாள். அவன் "அடி, அடி" என்று கையை ஆட்டினான். அவள் அடித்துக் கொடுத்தாள். அவனுக்குப் பின்னால் நின்ற மூன்று பேரிடமும் அதன் பின் வந்தவர்களிடமும் அவள் அதையே கேட்டது என் காதில் விழுந்தது. அவர்களும் அப்படியே சிரித்தார்கள்.

ஆட்டம் தொண்ணூறு நிமிடத்தில் சமனில் நின்றது. அதன் பின் கூடுதல் நேரம் ஆடினார்கள், அதிலும் முடியவில்லை, அதன் பின் பெனால்டியில் சாம்பியன் வென்றது. மீன் விற்கும் பெண்கள் தகரத் தட்டுகளைத் தட்டினார்கள். ஆண்கள் பாடிக்கொண்டே சீட்டோடு கடைக்கு வந்தார்கள். தம்பி என் கையைப் பிடித்து அழைத்துவந்தான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அவன் கல்யாணத்தில்தான் பார்த்திருந்தேன்.

இமாலி முதல் சீட்டை இயந்திரத்தில் காட்டிவிட்டு, செல்லாது என்றாள். இரண்டாவதையும் அப்படியே சொன்னாள். கூட்டத்தில் பாட்டு நின்றது. அதன் பின் கடைக்காரர் கிடியாவாய் உள்ளறையிலிருந்து வந்தார். தொண்ணூறு நிமிட விதியை எழுதிக் கடைச் சுவரில் மாட்டியவர் அவர்தான். அதைக் கையால் காட்டியிருந்தால் போதும். அவர் கூட்டத்தைப் பார்த்தார், புதிதாகப் போட்ட முன்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார், பிறகு சொன்னார்: "மெஷின்ல ஒரு தப்பும் இல்ல. அடிச்சது அவ. என்னத்த அடிச்சான்னு அவளையே கேளுங்க."

அந்த வார்த்தைகளில் பொய் என்று எதையும் தொட்டுக் காட்ட முடியாது. அவ்வளவு கவனமாகச் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டார். இமாலி தாழுக்கு இந்தப் பக்கம் இருந்தாள்.

முதலில் கை வைத்தது என் தம்பி அமுகுனே. கம்பித் தடுப்பின் பக்கவாட்டுக் கதவைத் தள்ளித் திறந்து, அவள் பின்னலைப் பிடித்து வெளியே இழுத்தான். அவள் "சார், நான் கேட்டேனே சார்" என்றாள். அவனுக்கு அது ஞாபகம் இருந்தது. முகத்தில் தெரிந்தது. தெரிந்த பிறகுதான் மேசையில் கிடந்த பூட்டை எடுத்து அவள் தலையில் அடித்தான். அதன் பின் பலர் அடித்தார்கள், அவர்களை என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நான் நடுவில் விழுந்து அவளை மூடிக்கொண்டேன். போலீஸ் வந்ததும் கிடியாவாய் வெளியே வந்து, காசாளர் சீட்டை மாற்றி அடித்துப் பணத்தைத் திருடியதாகப் புகார் கொடுத்தார். அடித்தவர்கள் நின்றுகொண்டிருக்க, ரத்தம் வழிந்தவளைக் கைது செய்தார்கள். கண்ணாடிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

நேற்று என் வீட்டில் உறவினர்கள் கூடினார்கள். கிடியாவாய் ரொட்டியும் சோடாவும் வாங்கி வந்திருந்தார். காசாளரின் தவறு என்று நிரூபணமானால் கட்டியவர்கள் எல்லோருக்கும் கம்பெனி பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும் என்றார். என் சித்தப்பா, "டீச்சர் சொன்னா கோர்ட்டு கேக்கும். அந்தப் பொண்ணு தப்பா அடிச்சத பக்கத்துல நின்னு பாத்தேன்னு ஒரே ஒரு வரி" என்றார். அப்படியானால் இமாலி கதி என்ன என்று கேட்டேன். "ஆறு மாசமோ என்னமோ உள்ள இருப்பா. அழறதுக்கு அவளுக்கு யாரு இருக்கா?" என்றார். அமுகுனே தரையைப் பார்த்துக்கொண்டே, "மாடு வந்துடும்கா" என்றான்.

நான் பதில் சொல்லவில்லை. நண்பர்கள் சபை என்ற எங்கள் கிறிஸ்தவத் திருச்சபையில் எந்த முடிவுக்கும் கை தூக்குவதில்லை. எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருப்போம், மறுத்துப் பேசாதவர் சம்மதித்தவர் ஆவார். அந்த வழக்கப்படி என் மௌனத்தையும் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஜெபம் செய்து கலைந்தார்கள். நான் பேசாமல் இருந்தது, வாயைத் திறந்தால் எதையாவது எடுத்து எறிந்துவிடுவேன் என்ற பயத்தில்.

அதன் பின் இன்று காலை ரேடியோவை அணைத்துவிட்டு, இங்கே வருவதற்கு முன் மருத்துவமனைக்குப் போனேன். தலையில் தையலோடு இமாலி கிடந்தாள். ஒரு கை கட்டிலோடு விலங்கிடப்பட்டிருந்தது. சோற்றை இடது கையால் அள்ளத் தெரியாமல் போர்வையில் சிந்தியிருந்தாள். சாம்பியன் இன்று ஜெயிக்குமா என்று காவலுக்கு நின்றவர் என்னைக் கேட்டார்.

எங்கள் சபையார் வேதத்தின் மேல் கைவைத்து ஆணையிடுவதில்லை. ஆம் என்று சொன்னால் அது ஆம்தான். மேலே எழுதிய யாவும் நான் கண்டதும் கேட்டதும் என்பதற்கு அந்த ஒரு ஆம் போதும். படித்துப் பார்த்தேன், ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

என் தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவர்கள் கேட்ட ஒரு வரியைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நீதிமன்றத்தில் அவன் பெயரை அவனுக்கு எதிரில் நின்று சொல்வேன். இமாலிக்கு ஜாமீன் நிற்பதற்கு என் வீட்டுப் பத்திரத்தைக் கொடுப்பேன். இந்த இரண்டையும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

(ஒப்பம்) திரிபேனா மினாயோ