எட்டரைச் சுற்று

— எட்டரை சுத்து, டீச்சர். எட்டுக்கு ஒண்ணு கொறைஞ்சா கூட நான் வண்டிய வெளிய உட மாட்டேன். உங்க புள்ள வண்டிக்கு நாலு சக்கரமும் நானே கையால நட்டு போட்டு எண்ணுனேன். மெய்யாலுமே சொல்றேன்.

— நான் உன்னைக் குத்தம் சொல்ல வரல, சிட்டிபாபு.

— அப்போ ஊரு இன்னாத்துக்கு அப்டி பேசுது? முடிச்சூர் ரோட்டுல டீ குடிக்கப் போனா மூஞ்சிய திருப்பிக்கிறானுங்க. சிட்டிபாபு ஸ்பேசர் மாட்னான், சக்கரம் கழண்டு எபி பூட்டான்னு.

— அந்தப் பேச்சைக் கெளப்பினது நான்தான்ப்பா.

— இன்னா டீச்சர் சொல்றீங்க?

— நான்தான். பாஸ்டர் கேட்டாரு, சொந்தக்காரங்க கேட்டாங்க. சக்கரம் வெளிய தள்ளி நிக்கறதுக்கு எபி ஏதோ தட்டு போட்டிருந்தான், அதுல கழண்டுடுச்சுன்னு சொன்னேன். பொய் சொல்லாதேன்னு ஆயுசு முழுக்கப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்த வாய் இது.

— எபி எனக்கு தம்பி மாதிரி டீச்சர். போலீஸ் ஸ்டேஷனாண்ட போயி அந்த வண்டிய நான் பாத்தேன், தெரியுமா? சக்கரம் தானா கழல்ல. நின்னுகினு இருந்த லாரில மோதுன வேகத்துல, சக்கரத்த தாங்கற ஹப்போட பிச்சிகினு வந்துகீது. ஸ்பேசர் அப்டியே கீது. ஒரு நட்டு நகரல. ஹப்புலேர்ந்து நீட்டிகினு இருக்குமே ஸ்டட்டு, அது ஒண்ணு கூட ஒடையல.

— தெரியும்.

— தெரிஞ்சிகினா பேசுனீங்க?

— கேளுப்பா. எங்க வீட்டு சார் வெளிய ஆட்டோவுல உக்காந்திருக்காரு. எப்ப எறங்கி வருவாரோ தெரியாது. அதுக்குள்ள எனக்கு ஒண்ணு சொல்லு. அந்த ஸ்பேசரை எப்படிப் போட்டா சக்கரம் கழலும்?

— எப்டி போட்டா கழலாதுன்னு தானே எல்லாரும் கேப்பாங்க.

— நான் இதைத்தான் கேக்கறேன். எனக்குப் புரியற மாதிரி சொல்லு.

— கம்பெனி ஸ்டட்டு அளவா தான் டீச்சர் இருக்கும். சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவுல தட்டு சொருகுனா, தட்டு எத்தினி கனமோ அத்தினி ஸ்டட்டு உள்ள பூடும். நட்டு புடிக்க மரை பத்தாது. வெறும் சக்கரம்னா நட்டு பன்னெண்டு சுத்து ஏறும். அஞ்சு எம்எம் தட்டுக்கு எட்டரை. பத்து எம்எம் போட்டா அஞ்சு தான் ஏறும்.

— அஞ்சு ஏறினாலும் இறுக்கமாத்தானே இருக்கும்?

— அதான் பேஜாரே. ஸ்பேனர் வச்சா கல்லு மாதிரி நிக்கும். ஓட்றவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஓட ஓட லூசாவும், இல்லாங்காட்டி மரை அத்துகினு வரும். பத்து போடணும்னா ஸ்டட்ட எடுத்துட்டு நீட்டு ஸ்டட்டு அடிக்கணும். எபி ஸ்டட்ட மாத்த வேணாம்னான். அப்போ அஞ்சுக்கு மேல போட மாட்டேன்னேன்.

— எபி பத்து எம்எம் தானே வாங்கிட்டு வந்தான்? ஆன்லைன்ல.

— ஆமா. அதோ அந்த டப்பாவுல கீது பாருங்க, நாலும். திட்டி வாங்கி வச்சிகினேன். திருமுடிவாக்கத்துல தெரிஞ்ச லேத்துல அஞ்சு எம்எம்ல கடைய சொன்னேன், நடு ஓட்டை ஹப்புல கச்சிதமா உக்கார்ற மாதிரி. ஹப்புல இருந்த துருவெல்லாம் சொரண்டுனேன். வண்டிய கீழ எறக்கி அளவு பாத்து முடுக்கற டார்க் ரென்ச்சு வச்சி முடுக்குனேன். நூறு கிலோமீட்டர் ஓட்டிகினு வாடான்னேன், வந்தான், திரும்ப முடுக்குனேன். இன்னும் நான் இன்னா டீச்சர் பண்ணணும்?

— ஒண்ணும் இல்லப்பா. எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்க. அதான் என்னைத் தூங்க விடல.

— புரியல.

— வண்டியில ஒரு கோளாறும் இல்லன்னா, அவன் ஏன் பிரேக்கே போடல?

— தூக்கமா இருந்திருக்கலாம் டீச்சர். காலங்காத்தால...

— வீட்டுச் சாவியை ஆணியில மாட்டிட்டுப் போனான் சிட்டிபாபு. போனு, பர்ஸு, வாட்ச்சு எல்லாம் மேஜை மேல வரிசையா. திரும்பி வர்றவன் சாவியை வச்சுட்டுப் போவானா?

— மறந்துட்டு போயிருப்பான்.

— சாவியை ஒருநாளும் மறந்ததில்ல. எத்தனை மணிக்கு வந்தாலும் என்னை எழுப்பக் கூடாதுன்னு அவனே தொறந்துக்கிட்டு வருவான். அதை எடுத்து நான் அரிசி டப்பாவுல புதைச்சு வச்சிருக்கேன், சார் கண்ணுல படாம.

— ஐயோ, டீச்சர்.

— முந்தின நாள் சார் அவனைப் பேசிட்டாரு. காட்டாங்குளத்தூர் காலேஜ்ல லட்சலட்சமாக் கொட்டிப் படிக்க வச்சேன், வேலைக்குப் போகத் துப்பில்ல, சக்கரத்தை வெளிய தள்ளி அழகு பாக்கறியான்னு. அதோட நிறுத்தியிருக்கலாம். நீ இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்னுட்டாரு. எபி சாப்பிட்ட தட்டைக் கழுவி வச்சுட்டுப் போய்ப் படுத்தான்.

— கோவத்துல எல்லா அப்பாவும் பேசறது தானே.

— அதை இப்ப அவருக்கு யாரு சொல்றது? அடக்கம் முடிஞ்சதுலேர்ந்து சரியாச் சாப்பாடு இல்ல. மாத்திரையைத் தொடறதில்ல. செவுத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டு, என் வாய்தான் கொன்னுச்சுன்னு அதையே சொல்றாரு. ஜெபம் பண்ணலாம்னு கூப்பிட்டா, கர்த்தர் மூஞ்சில முழிக்க மாட்டேங்கறாரு. நேத்து மொட்டை மாடியில கைப்பிடிச் செவுருகிட்ட நின்னுட்டு இருந்தாரு. நான் ஓடிப்போய்க் கையைப் பிடிச்சேன். ஒரு சாவு எடுத்தாச்சு. இன்னொண்ணு என்னால ஆகாது.

— இப்ப நான் இன்னா பண்ணணும், அத்த சொல்லுங்க.

— அந்தப் பத்து எம்எம் கனத்துலதான் போட்டேன்னு அவர்கிட்ட சொல்லு. அஞ்சு சுத்துதான் ஏறுச்சுன்னு சொல்லு.

— அது மட்டும் வேணாம் டீச்சர். வேற இன்னா வேணா கேளுங்க.

— நான் ஊர்ல சொன்னதை அவரு நம்பல. உனக்கு என்ன தெரியும் தபீதாங்கறாரு. மாட்டினவன் நீ சொன்னா நம்புவாரு.

— இந்த கைக்கு தான் டீச்சர் எனக்கு சோறு. சின்ன வேலையோ பெரிய வேலையோ, என்னாண்ட வந்த வண்டில போயி ஒருத்தன் கீழ உழுந்தான்னு பேரு கெடையாது. இப்பவே பாதி பேரு வர்ல. என் வாயாலயே ஒத்துகினா நான் எந்த மூஞ்சிய வச்சிகினு ஷட்டர தூக்கறது?

— கேஸ் ஒண்ணும் வராது. விபத்துன்னு எழுதி முடிச்சுட்டாங்க. உன்னை வைவாரு. வையட்டும். யாரையாவது வையற அளவுக்கு அவருக்குத் தெம்பு வந்தா, பொழச்சிக்குவாரு.

— எபி இதோ இங்க நின்னுகினு என்னோட சேந்து ஒவ்வொரு சுத்தா எண்ணுனான் டீச்சர். நான் பொய் சொன்னா அவன் இன்னா நெனப்பான்?

— நெனக்கறதுக்கு அவன் இல்லையேப்பா.

— அழாதீங்க டீச்சர். சார் எறங்கி வர்றாரு. கண்ண தொடைங்க.

— தபீதா, எவ்வளவு நேரம்? வா, வீட்டுக்குப் போலாம்.

— ஏங்க, சிட்டிபாபுவுக்கு உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்.

— என்கிட்ட என்ன சொல்லணும்?

— சார், வந்து... உக்காருங்க சார். இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

— பரவால்ல. சொல்லு.

— எபி வண்டிக்கு போட்டது இதே கனம் சார். இந்தாங்க, கைல புடிச்சி பாருங்க. பத்து எம்எம். கம்பெனி ஸ்டட்ட மாத்தாமயே போட்டுட்டேன். போடக் கூடாது. எனக்கு தெரியும். அஞ்சு சுத்து தான் ஏறுச்சு. டைட்டா தானே கீதுன்னு அனுப்பிட்டேன். அதான் கழண்டுகினு பூட்ச்சு. அவன் மேல தப்பு இல்ல சார். உங்க மேலயும் இல்ல. என் மேல தான்.

— அஞ்சு சுத்தா?

— அஞ்சு தான் சார்.

— கேட்டீங்களா? நான் சொன்னேன்ல. உங்களால இல்லைங்க. உங்க பேச்சால இல்ல.

— சரி, விடு. தபீதா, எதிர்க்கடையில ஒரு சோடா வாங்கிட்டு வா. நெஞ்சை அடைக்கற மாதிரி இருக்கு.

— என்னங்க பண்ணுது?

— ஒண்ணும் பண்ணல. போய் வாங்கிட்டு வா.

— இதோ. சிட்டிபாபு, அவரைப் பாத்துக்கோப்பா.

— சார், ஃபேன போடட்டுமா? வேர்க்குது பாருங்க உங்களுக்கு.

— அவ ரோட்டைத் தாண்டிட்டாளா?

— தாண்டிட்டாங்க. கடைல நிக்கறாங்க.

— எட்டரை சுத்து, சிட்டிபாபு.

— சார்?

— ஈஸ்டர் முடிஞ்சு எபி வண்டியில பின்சக்கரம் ஒண்ணு பஞ்சராச்சு. அவ சர்ச்சுல பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தா. நாங்க ரெண்டு பேரும் பெருங்களத்தூர்ல ஒட்டிக்கிட்டு வந்து, வாசல்ல வச்சு மாட்டினோம். முதல்ல கையால போடுப்பா, எண்ணிக்கிட்டே போடு, எட்டுக்குக் கொறைஞ்சா சிட்டி அண்ணன் நம்ம ரெண்டு பேரையும் அடிப்பாருன்னான். ஒவ்வொரு நட்டையும் நான்தான் எண்ணினேன். ஒரு தடவை தப்பா எண்ணிட்டேன்னு மறுபடி கழட்டிப் போடச் சொன்னான். அன்னைக்கு சிரிச்ச மாதிரி நாங்க சிரிச்சு வருஷக்கணக்காயிருந்துச்சு.

— டீச்சர் தான் சார்... அவங்க அழுதாங்க. எனக்கு வேற வழி தெரியல.

— தெரியும். அவ மொகத்தைப் பாத்தாலே தெரியுது. ஆணியில தொங்கின சாவியை, அவ எடுக்கறதுக்கு முன்னாடியே நான் பாத்துட்டேன். இப்ப அரிசி டப்பாவுல கெடக்கு. நான் கேக்கல.

— இப்ப இன்னா சார் பண்றது? நெசத்த சொல்லிடலாமா?

— வேணாம். நான் நம்பிட்டேன்னு அவ நெனக்கணும். அப்பதான் தூங்குவா. நான் எந்திரிச்சு எங்கயாவது போயிடுவேனோன்னு என் வேட்டி நுனியை விரல்ல சுத்திக்கிட்டுப் படுக்கறா. ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கா. அவளுக்கும் ஏதாவது ஆயிடும்.

— நீங்க அந்த மாடிக்கு போவ மாட்டேன்னு சொல்லுங்க சார். அப்ப தான் நான் இதுக்கு ஒத்துக்குவேன்.

— போக மாட்டேன். போனா, அவ உன்னை விட்டுச் சொல்ல வச்சது வீணாப் போயிடும். உன் பேரைக் கெடுக்கறோம் ரெண்டு பேரும். உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், பொறுத்துக்கோ.

— ஐய, உடுங்க சார். எந்திரிங்க. டீச்சர் வந்துகினு கீறாங்க.

— வந்துட்டாளா? நான் இப்ப சத்தம் போடணும். மனசுல வச்சுக்காத. தலையைக் குனிஞ்சுக்கோ.

— போடுங்க சார்.

— ஏங்க, சோடா. ஒரு மொடக்கு குடிங்க.

— என் புள்ளையக் கொன்னது நீதானே சிட்டிபாபு? நான் இல்லையே? சொல்லு, நான் இல்லையே?