ஸ்தேரி மாளிகைக்கு முன்னாலை

இரும் தம்பி பிறின்ஸ், விமலராணி வீட்டுக் கலியாணக் கார்ட்டை மடியிலை வையும். வாறனோ இல்லையோ எண்டு பிறகு சொல்லுறன். அவள்தானே உம்மை அனுப்பினவள்? ஓம், என்ரை கூடப்பிறந்த தங்கச்சிதான். ஆர் இல்லையெண்டது.

உதிலை தெரியிற ஸ்தேரி மாளிகையைப் பாத்தனீரே? கியாராமோந்தே எண்ட குடும்பம் கட்டினது. ஒரு காலத்திலை இந்தப் பலேர்மோவிலை அவையள் வைச்சதுதான் சட்டம். உள்ளை கூரைப் பலகை முழுக்கப் படம் கீறுவிச்சு வைச்சிருக்கினம், அவ்வளவு எழுப்பம். பிறகு ராசா படையோடை வந்து ஊரைச் சுத்தி வளைச்சுப்போட்டார். கடைசித் தலைவர் அந்திரேயா நல்லா எதிர்த்து நிண்டவர். சமாதானம் எண்டவுடனை நம்பி ராசாவைக் கும்பிடப் போனார். போன இடத்திலை பிடிச்சு, தன்ரை மாளிகைக்கு முன்னாலையே தலையை வெட்டிப்போட்டாங்கள். வீடும் ராசா பக்கம் போச்சு.

எனக்கு ஆர் சொன்னதோ? என்ரை சின்யோரா, நான் வேலை பாத்த வீட்டு இத்தாலிக் கிழவி. அந்தா, அந்த மூலை வீட்டு மாடியிலைதான் கனகாலம் வேலை பாத்தனான். மத்தியானம் சாப்பிட்டு முடிய, பல்கனியிலை என்னையும் பக்கத்திலை இருத்திக் கதை சொல்லுவா. அந்திரேயா போற இடம் வந்தால் கிழவிக்கு நேற்று நடந்த மாதிரிக் கோவம் வரும்.

மகளின்ரை பிள்ளைப்பேறு பாக்க மன்னாருக்குப் போனன். இஞ்சத்தை வழமை தெரியும்தானே, ஊருக்குப் போறவை தங்கடை இடத்துக்கு ஒராளை விட்டுட்டுப் போவினம், திரும்பி வந்தால் அவை விட்டுத் தருவினம். நான் தங்கச்சியை விட்டன். வந்து போன் பண்ண, அக்கா, சின்யோராவுக்கு இனி நீ வேண்டாமாம் எண்டாள். நம்பினன். பாழாப்போன ரோசம், அந்த வாசல் பக்கமே போகேல்லை. ஊர்க்கரைச் சியாகுல்லித் தோட்டத்திலை மண்டரின் தோடம்பழம் புடுங்கிக்கொண்டு சின்யோராவைத்தான் திட்டித் திட்டி அழுதன்.

இல்லைத் தம்பி, வேலை போனதுக்கில்லை. அதை விடும்.

போன கார்த்திகை கபோச் சந்தையிலை மீன் வாங்கப் போனனான், அப்பிடியே பக்கத்துக் கோயிலுக்குள்ளை ஏறினன். பூசை நடக்குது. முன் வாங்கிலை சின்யோரா, கறுப்புச் சட்டையோடை. பக்கத்திலை விமலராணி, அவவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு. பாதர் செத்தவையின்ரை பேர் வாசிச்சார். கடைசியா, நாக்குத் தடக்கித் தடக்கி, புனிதமலர் எண்டார்.

ஓம், என்ரை பேர்தான். அக்கா ஊரிலை செத்துப்போனா எண்டு சொல்லித்தான் அவள் அந்த வீட்டிலை நிண்டிருக்கிறாள். கிழவி எனக்குப் பூசை குடுத்து அழுறா.

அந்திரேயாவை வெட்டினவனாவது பிறத்தியான், தம்பி.

முன்னுக்குப் போய் நிண்டால் கிழவிக்கு நெஞ்சு அடைச்சிடும் எண்டு பயம். தூணுக்குப் பின்னாலை முழங்காலிலை இருந்து என்ரை பூசையை முழுக்கக் கண்டுட்டுத்தான் வந்தன்.

கார்ட்டைக் கொண்டுபோம். செத்தவளுக்கு ஆரும் கலியாணம் சொல்லுவினமே?