நகத்துக்கு அடியில் இருந்தது

என் தங்கை நிரோஷா வைக்கும் மீன் குழம்பைச் சாப்பிட்டவர்களுக்கு வேறு வீட்டில் கை நனைக்க மனம் வராது. கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடிப் படியில் ஏறும்போதே வாசம் மூக்கைத் துளைக்கும். துண்டான விரலோடு ஒருத்தி ஆஸ்பத்திரிக்கு வந்தால் பொலிஸ் விசாரிப்பது முறைதான், ஐயா. நான் ஒன்றையும் மறைக்கப் போவதில்லை.

என் பெயர் ஹியூபேட். கலியாணம் கட்டவில்லை. அம்மா போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான். அப்படி இருக்கும்போதுதான் இத்தாலியில் வேலை செய்யும் பிறெடி அவளைக் கேட்டு வந்தான். நல்லவன்தான், குறை சொல்ல மாட்டேன். கட்டிக்கொண்டு அங்கேயே கூட்டிப் போவதாகப் பேச்சு.

அவளுக்கு இடது கை மோதிர விரலில் நெடுநாள் வலி. குளிர்ந்த தண்ணீர் பட்டால் உயிர் போய் உயிர் வரும். நகத்தடியில் லேசான நீலம் தவிர வெளியே ஒன்றும் தெரியாது. ஒருவர் நரம்பு என்றார், இன்னொருவர் வாதம் என்றார். ஒரு டொக்டர், எல்லாம் மனசுதான் என்று தூக்க மாத்திரை கொடுத்தார். கடைசியாகப் பார்த்த சர்ஜன்தான் குண்டூசித் தலையால் நகத்தின் மேல் ஒவ்வோர் இடமாக அழுத்தினார். ஒரேயோர் இடத்தில் அவள் அலறிவிட்டாள். பிறகு பிரஷர் பார்க்கும் பட்டியைக் கையில் சுற்றி இறுக்கிவிட்டு அதே இடத்தை அழுத்தினார். வலிக்கவில்லை. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

முடிவு கேட்கப் போன அன்று அவர் அறையில் ஏசி குளிர். அவளால் அங்கே உட்கார முடியாது. வெயில் விழும் வராந்தாவில் அவளை இருத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். சூட்டையும் குளிரையும் சமாளிக்க விரல் நுனிகளில் இரத்தக் குழாய்களின் சின்னச் சின்ன முடிச்சுகள் உண்டாம். அதில் ஒன்று பெருத்துவிட்டதாம். ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அபூர்வம், ஆனால் புற்றுநோய் இல்லை, சின்ன ஒப்பரேஷனில் எடுத்துவிட்டால் வலி போய்விடும் என்றார்.

வெளியே வந்தேன்.

“என்னவாம், அண்ணா?”

“நரம்பாம். மருந்தில்லையாம். குளிர்தான் ஆகாதாம்.”

“அப்ப இத்தாலி?”

இத்தாலி வேண்டாம் என்று என் வாயால் நான் சொல்லவில்லை. அதை அவளேதான் முடிவு செய்தாள் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

சித்திரை வெயிலில் வலி குறைந்தது. பிறெடியோடு மறுபடி போனில் சிரிக்கத் தொடங்கினாள். “கிளவ்ஸ் போட்டா சமாளிக்கலாம் எண்டு பிறெடி சொல்லுறான், அண்ணா,” என்றாள். எனக்குப் பயமாகிவிட்டது. அந்த ஊர்க் குளிரில் இவள் படும் பாட்டை யார் பார்ப்பது? அதனால்தான் அரிசி களையும் தண்ணீரில் ஐஸ் போட்டு வைத்தேன். அவள் கை வைக்கும்போது ஐஸ் கரைந்திருக்கும். பின்னேரத்தில் விரலுக்கு எண்ணெய் தடவிவிடுவதும் நான்தான். சர்ஜன் கண்டுபிடித்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். அங்கே கொஞ்சம் அழுத்துவேன். அவள் அழும்போது நானும் அழுதிருக்கிறேன், ஐயா.

பிறகு கடைக்குப் போவதை விட்டாள். பூசைக்கும் போகவில்லை. மழை இருட்டினால் ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, கையைப் போர்வைக்குள் சுருட்டிக்கொண்டு கிடப்பாள். தனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று பிறெடிக்கும் சொல்லிவிட்டாள். வீடு பழையபடி அமைதியானது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

இன்று காலை, “இந்த மறியல்ல அடைபட்டு இனி இருக்க ஏலாது, அண்ணா,” என்றாள். சும்மா சொல்கிறாள் என்று நினைத்து மீன் வாங்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது இறைச்சி வெட்டும் பலகையில் விரல் நுனி கிடந்தது. கத்தியைக் கழுவி வைத்திருந்தாள்.

இங்கே ஆஸ்பத்திரியில் பழைய ஸ்கேனைத் தேடிப் பார்த்த டொக்டர், “இந்த முடிச்சை ஏன் அப்போதே வெட்டி எடுக்கவில்லை?” என்று அவள் முன்னாலேயே கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். இப்போது நான் வார்டுக்குள் வரக் கூடாதாம்.

ஓம், எடுத்தால் சுகமாகும் என்று தெரிந்தே மறைத்தேன். ஐஸ் போட்டதும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்து வைக்கிறேன். ஆனால் இது வேறு விரலிலும் வரக்கூடும் என்று அந்தச் சர்ஜன் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள். அவளுக்கு இன்னும் ஒன்பது விரல் இருக்கிறது, ஐயா. என்னை விட்டால் பார்த்துக்கொள்ள அவளுக்கு யார் இருக்கிறார்கள்?