மாமா யாருக்குப் போட்டாரு?

– அப்ப மாமா எனக்கு ஓட்டுப் போடலை. அவ்வளவுதானே அக்கா? அதை உன் வாயால சொல்லிடு, நான் எந்திரிச்சுப் போயிட்டே இருக்கேன்.

– வந்ததுல இருந்து கிளிப்பிள்ளை மாதிரி இதையே சொல்லிட்டு இருக்கே. கவுன்சிலர் பதவி கிடைக்கலைன்னா என்னடா, கட்டட வேலை இருக்கு, கை நிறைய ஆள் இருக்கு. முதல்ல அந்தத் தண்ணியைக் குடி.

– தண்ணி வேண்டாம். விரல் விட்டு எண்ணிடலாம் அக்கா, நான் தோத்த வித்தியாசத்தை. சொந்த அக்கா புருஷனே போடலை, ஊரான் எப்படிப் போடுவான்னு கடைத்தெருவுல பேசிச் சிரிக்கிறாங்க.

– ஊர் வாயை மூட உலைமூடி உண்டா.

– மழுப்பாதே. எங்கே அவரு?

– ஒரு அம்மாவுக்கு ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்குடுக்கப் போயிருக்காரு. அந்த அம்மா இதுவரைக்கும் ரெண்டு கேட்டை இடிச்சாச்சு. வர நேரமாகும்.

– நல்லதாப் போச்சு, உன்கிட்டயே சொல்லிடறேன். அவரு டிரைவிங் ஸ்கூல் இருக்கற இடம் என்னோடது. இந்த மாசத்தோட காலி பண்ணச் சொல்லு. என்ன அப்படிப் பார்க்கறே?

– ஒண்ணுமில்லை. நீ எவ்வளவு தூரம் போவேன்னு பார்க்கறேன். போ, போ. இந்தப் பக்கம் அந்த மனுஷன் என் உயிரை எடுக்கறாரு, அந்தப் பக்கம் நீ. நடுவுல நான் ஒருத்தி மத்தளம் மாதிரி.

– அவருக்கு என்னதான் ஆச்சு? பிரார்த்தனைக் கூடத்துல முன்னாடி நின்னு வாசிக்கற மனுஷன். கடவுள் பயம் இருக்கணும்டான்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே அவர்தானே.

– அப்படித்தான் இருந்தாரு. காரைக் கிளப்பறதுக்கு முன்னாடி ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணை மூடுவாரு. கத்துக்க வர்றவங்களையும் மூடச் சொல்லுவாரு. ஓட்டு விஷயத்துலயும் அதே கதைதான். யாரு பிரார்த்தனைக்கு ஒழுங்கா வர்றாங்களோ, அவங்களுக்குக் கண்ணை மூடிட்டுப் போடுவாரு. நல்லவன் ஒருத்தனை உக்கார வெச்சா போதும், மிச்சத்தை மேல இருக்கறவர் பார்த்துப்பாரும்பாரு.

– அதுல என்ன தப்பு?

– தப்புன்னு யாரு சொன்னா? நிம்மதியாத்தான் இருந்தோம். உன் கட்டடத்துச் சுவர் விழற வரைக்கும்.

– மறுபடியும் சுவரா... மழையில விழுந்த சுவர் அக்கா அது. விசாரணையே முடிஞ்சு போச்சு.

– என்ன ஆச்சுன்னு நீதானே கேட்டே? சொல்லவா, வேண்டாமா?

– ... சொல்லித் தொலை.

– அந்தச் சுவருக்கு அடியில செத்துப் போனானே ஒருத்தன், உனக்கு அவன் பூச்சு வேலைக்கு வந்தவன். இவருக்கு அவன் பாடம் கத்துக்கிட்டு இருந்தவன். நாற்பதைத் தாண்டினப்புறம் ஸ்டியரிங்கைப் பிடிக்க வந்தான். லாரி ஓட்டப் போறேன், இனிமே சாரம் ஏற மாட்டேன்னு சொல்லிட்டு. வண்டி மூணாவது கியரைத் தாண்டவே தாண்டாது அவனுக்கு. நாலாவதுக்கு வந்தா பயந்து எஞ்சினை நிறுத்திடுவான். இவரு அவனுக்கு ‘மூணாவது’ன்னே பேர் வெச்சுட்டாரு. அவனும் வாசல்ல நின்னு, “மூணாவது வந்திருக்கேன்னு சார்கிட்ட சொல்லுங்க”ம்பான்.

– இது எனக்குத் தெரியாது.

– எங்கே தெரியப்போகுது. அடுத்த வாரம் அவனுக்கு லைசென்ஸ் டெஸ்ட் இருந்தது. அதுக்குள்ள சுவர் வந்துடுச்சு.

– கூட இருந்தவன் பிழைச்சானே... அதையும் சொல்லேன். ஒரு கீறல் இல்லாம எடுத்தோம்.

– அதுக்குத்தானே நீ கூடத்துல நன்றிப் பிரார்த்தனை வெச்சே. ஊரையே கூப்பிட்டே. மாமாதான் வாசிக்கணும்னு நீதான் ஒத்தைக்கால்ல நின்னே.

– ஆமா. பாதியில புத்தகத்தை மூடிட்டு இறங்கிட்டாரு. நெஞ்சு வலின்னு நினைச்சு நான்தான் ஓடிப்போய்ப் பிடிச்சேன்.

– நெஞ்சு வலி இல்லைடா. அன்னிக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழட்டலை. அப்படியே நின்னாரு. கேட்டதுக்குச் சொன்னாரு, பின்வரிசையில மூணாவதோட பொண்டாட்டி உக்காந்திருந்தாளாம். வாசிக்க வேண்டிய வரி என்ன தெரியுமா? ‘உம்முடைய கண் எங்களைக் காத்தது.’ அவ முகத்தைப் பார்த்துக்கிட்டு எங்களைன்னு எப்படி வாசிக்கறதுன்னாரு. அவளும் மத்தவங்களோட சேர்ந்து தலையைக் குனிஞ்சு கும்பிட்டுட்டு இருந்தாளாம். அதைத்தான் தாங்க முடியலைன்னாரு.

– பாவம்தான். அதுக்காக... கடவுளே இல்லைன்னுடறதா?

– இல்லைன்னு சொன்னா கூடத் தேவலையேடா! ஒரேயடியா முடிஞ்சு போச்சுன்னு நானும் தலை முழுகியிருப்பேன். இவரு இருக்காருன்னும் சொல்றதில்லை, இல்லைன்னும் சொல்றதில்லை. ‘தெரியலையே’ங்கறாரு. காலையில பல் விளக்கும்போது தெரியலையே. சாப்பிடும்போது தெரியலையே. எனக்குக் காய்ச்சல் விட்டப்ப, கடவுள் புண்ணியம்னு தெரியாத்தனமா சொல்லிட்டேன். மாத்திரையாவும் இருக்கலாம்லன்னாரு. கரண்டியைத் தூக்கி எறியலாமான்னு வந்துச்சு.

– எறிஞ்சிருக்கணும்.

– நீ சும்மா இரு. அதைக் கூடப் பொறுத்துப் போயிருப்பேன். ஒரு நாள் காரைக் கழுவிட்டு இருந்தவரு வாளியைக் கீழே வெச்சுட்டு என்னைக் கூப்பிடறாரு. நம்ம கார்ல ஓட்டறவங்க காலடியில ஒரு பிரேக் இருக்கும், பக்கத்துல இவர் காலடியில இன்னொண்ணு இருக்கும்ல. அதைக் காட்டிச் சொல்றாரு, இத்தனை வருஷமா பக்கத்து சீட்டுல ஒருத்தர் பிரேக்ல காலை வெச்சுட்டு உக்காந்திருக்காருன்னு நம்பித்தான் நான் பாட்டுக்கு இருந்தேன். அந்த சீட்டு காலியாவும் இருக்கலாம்ல? அப்படின்னா நம்மள்ல யாராவதுதானே அங்கே போய் உக்காரணும்?

– ஓ... அங்கிருந்து ஆரம்பிச்சதா இது?

– அங்கிருந்துதான். அடுத்த வாரமே கவுன்சில் கூட்டத்துல போய் உக்காந்துட்டாரு. இந்த ஊர்ல கட்டடம் கட்டினா வந்து பார்க்கறதுக்கு எத்தனை பேர் இருக்காங்கன்னு கேட்டிருக்காரு. ஒரே ஒருத்தராம். அவருக்கும் முட்டி வலியாம், மாடி ஏற மாட்டாராம். ராத்திரி சாப்பிடாம அதையே சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போனாரு. கடவுளைக் கேள்வி கேக்கறதை விட்டுட்டு முட்டி வலிக்காரரைப் பிடிச்சுக்கிட்டாரேன்னு நானும் ஒரு பக்கம் சந்தோஷப்பட்டேன்.

– உனக்குச் சந்தோஷம். பிரசார மேடையில நின்னவன் நான்ல? அத்தனை பேர் நடுவுல கையைத் தூக்கி, “மச்சான், நீங்க வந்தா கட்டடத்தைப் பார்க்க எத்தனை பேரைப் போடுவீங்க”ன்னு கேட்டாரே...

– நீ என்ன பதில் சொன்னே?

– கடவுளுக்குப் பயந்தவனுக்கு மேற்பார்வை எதுக்குன்னேன். கைதட்டினாங்க அக்கா. விசில் அடிச்சாங்க.

– அடிச்சாங்க, அடிச்சாங்க. மறுநாள் நீ சண்டை போட வந்தப்பதான் இவரு உன்னை நேராவே கேட்டாரு. சுவர்ல விரிசல் இருந்தது உனக்கு முன்னாடியே தெரியுமான்னு.

– நான்தான் சொன்னேனே. தெரியாதுன்னு சத்தியமே பண்ணினேனே.

– பண்ணினே. கடவுள் மேல, நம்ம அம்மா மேல, தலையில அடிச்சுப் பண்ணினே. நானும் பக்கத்துலதான் நின்னேன்.

– அப்புறமும் எனக்குப் போடலைன்னா, மனுஷனா அவரு? கடவுளை விட்டவனுக்குச் சொந்தம் மட்டும் ஒட்டுமா? பூத்துக்குள்ள போய் அவ்வளவு நேரம் என்ன பண்ணினாரு? என் ஆள் பார்த்துட்டு வந்து சொன்னான். அதிகாரி தடுப்பைத் தட்டிக் கூப்பிட்டாராமே.

– எனக்குத்தான் மானம் போச்சு. வரிசையில அவருக்கு அடுத்தாப்ல நான். பின்னாடி இருக்கறவங்கெல்லாம் உள்ளே தூங்கிட்டாரா, போய்ப் பாருங்கம்மாங்கறாங்க. வேர்த்துக் கொட்டி வெளியே வந்தாரு. நானும் போட்டுட்டு வந்தேன். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் ஒரே புலம்பல்.

– என்ன புலம்பினாரு?

– உனக்கு எதிராப் போடணும்னுதான் கிளம்பினாராம். பட்டன்ல கையை வெச்சுட்டாராம். அப்பத் தோணுச்சாம்... கடவுளையே நிச்சயமாத் தெரியலைன்னு சொல்றவன், மச்சான் தப்பு பண்ணினான்னு மட்டும் எப்படி நிச்சயமாச் சொல்றேன்னு. தெரியாத ஒண்ணுக்காக ஒருத்தனைத் தண்டிக்க நான் என்ன கடவுளான்னு. நீ சத்தியம் பண்ணினதை நினைச்சாராம். கடவுளை நம்பாமக் கூட இருந்துடலாம், பழகின மனுஷன் முகத்தைப் பார்த்துச் சொன்னதை நம்பாம எப்படி உயிரோட இருக்கறதுன்னாரு. நம்ம பொண்ணுக்கு மூச்சு முட்டினப்ப அவளைத் தோள்ல போட்டுட்டு நீ ஆஸ்பத்திரிக்கு ஓடினதைச் சொன்னாரு. ஜெயிச்சு வரட்டும், அப்புறம் தினமும் போய் நின்னு ஆள் போடச் சொல்லிப் பிடுங்கறேன்னாரு.

– அக்கா... அப்படின்னா...

– உனக்குத்தான்டா போட்டாரு.

– ... முதல்லயே சொல்றதுக்கென்ன? என்னை இவ்வளவு பேச விட்டு வேடிக்கை பார்த்தியா?

– நீ பேசி முடிக்கட்டும்னு இருந்தேன். இடத்தைக் காலி பண்ணச் சொல்லுவேன்னு நினைக்கலை.

– அதை விடு. கோபத்துல சொன்னது. அவரே வெச்சுக்கட்டும், யாரு கேட்டா. எனக்கு இப்ப அவர் முகத்துல எப்படி முழிக்கறதுன்னுதான்...

– முழிச்சுத்தான் ஆகணும். ஏன்னா அந்தச் சத்தியம் பொய்.

– என்ன அக்கா சொல்றே?

– சுவர் விழறதுக்கு முந்தின வாரம் நீ இங்கே வந்து சாப்பிட்டே. போன் வந்தது. நான் பரிமாறிட்டு இருந்தேன். விரிசல்தானே, மேலே பூசி விடு, மழைக்காலம் போகட்டும் பார்த்துக்கலாம்னே. போனை வெச்சுட்டு இன்னொரு கரண்டி போடுன்னு தட்டை நீட்டினே. நானும் போட்டேன்.

– அது... அது வேற சுவரு...

– வேற சுவரா? என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.

– ... எப்பவும் வர்ற மழைதான்னு நினைச்சேன் அக்கா. ஆளை இறக்கிட்டுச் சுவரை இடிச்சுக் கட்டினா நாள் தள்ளிப்போகும், தேர்தலுக்குள்ள முடியாதுன்னு... விழும்னு நான் நினைக்கவே இல்லை. அந்த ஆள் முகம் இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

– நிக்கட்டும்.

– மாமாகிட்டே இதைச் சொல்லிட்டியா?

– இல்லை. சொல்ல வாய் வரலைடா. மேல இருந்த பிடி விட்டுப்போய், இந்த மனுஷங்களையாவது பிடிச்சுக்கலாம்னு நிக்கறாரு. அந்தப் பிடியையும் நானே எப்படிப் பிரிச்சு விடறது? தம்பியாச்சேங்கறதும் ஒரு பக்கம். ஆனா இனிமே முடியாது. மூணாவதோட பொண்டாட்டி மறுபடியும் விசாரிக்கச் சொல்லி மனு குடுத்திருக்கா. கேக்க வந்தா நான் கேட்டதைச் சொல்லுவேன். அதுக்கு முன்னாடி மாமாகிட்டே நீ சொல்லிடு. உன் வாயாலயே சொல்லு.

– சொல்றேன்... இன்னிக்கே சொல்லிடறேன். அவர் வரட்டும். சே, எனக்கு ஓட்டும் போட்டு, நம்பவும் செஞ்ச மனுஷன்... உன்னையும் மனசுக்குள்ள திட்டிட்டேதான் வந்தேன். உங்க ரெண்டு பேரையும் போய்ச் சந்தேகப்பட்டேனே அக்கா.

– அவரைச் சந்தேகப்பட்டதுதான் தப்பு. அவரு அவ்வளவு நேரம் நின்னு, வேர்த்துக் கொட்டி, உனக்குப் போட்டாரு. நான் உள்ளே போனேன், “கடவுளே, நீ பார்த்துட்டுத்தானே இருந்தே”ன்னு கும்பிட்டேன், ஒரு நிமிஷம் கூட ஆகலை... உனக்குப் போடலை.