கொக்கியும் பட்டனும்

திருத்தணியில் ரயில் கிளம்புமுன்பே எதிர் இருக்கையில் சத்தம் எழுந்தது.

"என் துப்பாக்கி மேல அரம் போட யாரு பாவா சொன்னது?" விளையாட்டு உடையில் இருந்த பெண் அக்கா கணவரிடம் கேட்டாள்.

"வாங்கியாந்த புது தோட்டா மேகசின் உள்ள நிக்கலம்மா. ஒரே மாடல்தானே?"

"பேருதான் ஒண்ணு! நைனா குடுத்தது ஆரம்பத்துல வந்தது. மேகசினைப் பிடிக்கிற கொக்கி கைப்பிடிக்கு அடியில இருக்கும். பின்னாடி வந்ததுல பக்கவாட்டுல பட்டன் வெச்சிட்டாங்க, நீங்க வாங்கியாந்தது அதுக்கு உள்ளது. நீங்க கொக்கிய ராவிகீறீங்க, இப்ப பழைய மேகசினும் நிக்காம விழுவுது!"

"வேற கொக்கி வாங்கிடலாம்."

"அத இப்ப எவன் செய்யறான்? நாளைக்குப் போட்டி!"

"அப்ப சென்னைக்கு எதுக்குப் போறோம்?"

"போட்டியிலேருந்து என் பேரை எடுக்கச் சொல்லத்தான். ஏன்னு கேப்பாங்க. நீங்களே சொல்லுங்க."

மணவூர் தாண்டும்போது அவர் வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்: "சார், கொக்கிய ராவுனது நான்தான்."