நாலு நிறத்தில் ஒரு குடம்

ஐயா, மரக்காணத்தில் ஆப்பிள் வாங்கினால் ஒரு பக்கம் அழுகித்தான் இருக்கும். அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்து, ஓவியக் கல்லூரியில் முதல் வருஷம் முழுக்க வரைந்தோம். மேசைமேல் ஆப்பிள், பித்தளைச் செம்பு, மடிப்பு விழுந்த துணி. நானும் என் நண்பன் பாவாடையும் ஒரே ஊர், ஒரே பஸ், ஒரே வகுப்பு. எங்கள் வீட்டில் மேசையே கிடையாது என்பான். உப்பளத்துக் கூலிக்காரர் மகன்.

சுனாமிக்கு அடுத்த மாசம் யோசனை வந்தது எனக்கு. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். ஆப்பிளுக்குப் பதிலாக நிவாரணத்தில் வந்த சிவப்பு பிளாஸ்டிக் குடம், பிஸ்கட் பாக்கெட், மெழுகுவத்தி. சோப்பு விளம்பரம் மாதிரிப் பளீரென்று, அதே படத்தை நாலு நிறத்தில் ஸ்கிரீன் பிரிண்ட் அடிக்கலாம் என்றேன். பாவாடையின் அம்மா அம்சவள்ளிக்கு வெட்கமாகிவிட்டது.

"ஏம்பா சதீஷு, பிளாஸ்டிக் குடத்தப் போயி வரையறீங்களே. பக்கத்து வூட்ல பித்தளை அண்டா இருக்குது, வாங்கியாரட்டுமா?"

உப்பு மூட்டை அடுக்குகிற கொட்டகையில் அச்சடித்தோம். மை நெடி கண்ணை எரிக்கும்; கையெல்லாம் மை. அதனால் ஒருவன் அண்ணாந்து நிற்க, இன்னொருவன் கண்ணில் தண்ணீர் ஊற்றுவான். பாவாடை முதலில் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு ஊற்றுவான். நான் அப்படிப் பார்ப்பதில்லை.

கல்லூரிக் கண்காட்சிக்கு முன்னால் எனக்கு அம்மை போட்டுவிட்டது. படத்தை ஃபிரேம் போட்டு மாட்டியதெல்லாம் அவன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள் போய்ப் பார்த்தேன். பக்கத்தில் ஒட்டிய சீட்டில் 'பாவாடை, மரக்காணம்' என்று மட்டும் இருந்தது. அவனிடம் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். துரோகம் செய்தவனிடம் போய் விளக்கம் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

திங்கட்கிழமை கொட்டகைக்குப் போனேன்.

"வாடா. தழும்போட அழகாத்தான் இருக்கிற. கண்ணு எரியுது, தண்ணி ஊத்துடா."

இரண்டு பாட்டில் இருந்தன. ஒன்றில் தண்ணீர். இன்னொன்றில் ஸ்கிரீனிலிருந்து பழைய படத்தை அழிக்கிற மருந்து. அது எதையும் மிச்சம் வைக்காது. "நல்லா முழிடா" என்றேன். முழித்தான். நான் சொன்னால் செய்வான். வலது கண்ணுக்குப் பாதி, இடதுக்கு மீதி. பாரபட்சம் எனக்குப் பிடிக்காது.

தரையில் உட்கார்ந்து, "பாட்டில் மாறிடுச்சு போலடா. நீ பயந்துடாத" என்றான்.

ஆஸ்பத்திரியிலும் உங்களிடம் அதையேதான் சொல்லியிருக்கிறான். இரண்டு கண்ணும் போனபிறகும் என் வேலையில் என் பெயரைப் போடமாட்டேன் என்கிறான் பாருங்கள். அதற்காகத்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன். பாட்டில் மாறவில்லை. லேபிளைப் படித்துத்தான் எடுத்தேன். லேபிள் எழுதியதே நான்.

நேற்று என் எதிரில் அந்த ஃபிரேமைப் பிரித்தீர்கள். படத்தைச் சுற்றியிருந்த வெள்ளை அட்டையைத் தூக்கியதும், அச்சுக்குக் கீழே காகித ஓரத்தில் பென்சிலில் அவன் கையெழுத்து: 'ஆக்கம்: சதீஷ். அச்சடித்தது: பாவாடை.' அச்சுப்படத்தில் பெயர் போடுகிற இடம் அதுதான். முதல் வருஷமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

ஃபிரேம் கடைக்காரர் அட்டையை அரை அங்குலம் கீழே தள்ளி வெட்டியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அவரை ஏன் இன்னும் கூப்பிடவில்லை, ஐயா?